ஒரு மைனர் காருக்கு மூணு டிஸ்டிரிபியூட்டர்

வண்டி ஓடினால் ஓட்டினவர் கெட்டிக்காரர், நின்றால் மெக்கானிக் களவாணி. எங்கள் தொழிலின் சட்டம் இவ்வளவுதான். கோவில்பட்டி பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நாற்பது வருசமாக இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் காலம் தள்ளுகிறேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் பாதி எனக்கு, மீதி டிங்கர் வேலை பார்க்கிற சண்முகையாவுக்கு. அவன் நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டுவான். தகரம் இல்லாத நேரம் என்னைத் தட்டுவான், வாயால்.

இப்போது வருகிற கார்களில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. என்னிடம் வருகிறவை எல்லாம் கிழட்டு வண்டிகள்: அம்பாசிடர், மைனர், எப்போதாவது ஒரு ஹெரால்டு. அதிலும் என் கைக்கு வருவது பெரும்பாலும் டிஸ்டிரிபியூட்டர் வேலை. பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடுகிற என் இனத்தாரே, எட்டயபுரம் ரோட்டில் நட்ட நடு வெயிலில் பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்கும்போது, போகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு இலை

டிஸ்டிரிபியூட்டர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் கல்யாணப் பந்தியைத்தான் காட்டுவேன். இஞ்சினில் நாலு சிலிண்டர். அது நாலு இலை. பரிமாறுகிறவன் ஒரே ஆள். அவன் வாளியில் இருப்பது கரண்டு. சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இலைக்கும் சரியான நேரத்தில் ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு. அவனுக்குள் 'பாயிண்ட்' என்று ரெண்டு குட்டி உலோகப் பொட்டுகள் ஒட்டி ஒட்டி விலகும். விலகுகிற நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். அப்படி விலகும்போது நடுவில் ஒரு மெல்லிய அட்டை நுழைகிற இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும்.

நாகலாபுரத்தில் இருந்து கிருஷ்ணம்மா வந்தபோதும் இதே கதையைத்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பாசிப்பயறு நிறத்தில் ஒரு மைனர் கார். மாமனார் வாங்கியது, வீட்டுக்காரர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது. அவர் போன பிறகு உளுந்து, கம்பு, பருத்தி, விளாத்திகுளம் சந்தை எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவும் அந்தக் காரும்தான். அன்றைக்கு வண்டி தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தது. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற தண்டைத் தொட்டேன். விழப்போகிற பால் பல் மாதிரி ஆடியது. அது உட்கார்ந்திருக்கிற கூடே தேய்ந்துபோயிருந்தது. ரெண்டாவது சிலிண்டருக்கும் நாலாவது சிலிண்டருக்கும் பொறியே போகவில்லை. பழுது பார்த்துப் பிரயோசனம் இல்லை, வேறு மாட்ட வேண்டும் என்றேன்.

பதிவைப் புதுப்பிக்க இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது என்றார். சென்னையில் வேலை பார்க்கிற மகன் ரகு கறாராகச் சொல்லிவிட்டானாம்: இந்தத் தடவை வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நின்றால் அங்கிருந்தே காயலான் கடைக்கு, அம்மாவுக்குப் புதுக் காரும் ஒரு டிரைவரும். கேட்கிறவர்களுக்கு அது நல்ல மகன் பேசுகிற பேச்சு. கிருஷ்ணம்மாவுக்கு அது வீட்டுக் காவல். டிரைவர் சாப்பிட்டானா, அவன் ஊரில் கோவில் கொடையா, அவனுக்குத் தலைவலியா என்று பார்த்துத்தான் இனிமேல் வாசல்படி இறங்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் சாவியைத் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டுக்கு ஓடுகிற கதை அதோடு முடிந்தது. நான் பந்திக் கதையைச் சொல்லி முடித்ததும் காரின் மூக்கைத் தடவிக்கொடுத்தார்.

“அப்போ ரெண்டாவது இலைக்காரனுக்கும் நாலாவது இலைக்காரனுக்கும் சோறே விழலைன்னு சொல்லுதீங்க. பட்டினி கெடக்குதவனைப் போய் ஏன் இழுக்கலைன்னு இத்தனை நாளா வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். வாளிக்காரனை மாத்துங்க அண்ணாச்சி.”

பல்லி பலன்

மைனர் காருக்கு டிஸ்டிரிபியூட்டர் தேடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் பலசரக்குக் கடைக்காரர் ஒருத்தரின் அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். காலையில் கடை திறக்கக் கிளம்பினவர், ஒரே ஒரு 'டப்' சத்தம், அதோடு சரி. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பல்லிக்குஞ்சு. ஒரு ஒயர் கழன்று கிடந்த ஓட்டை வழியாக, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று நுழைந்திருக்கிறது. பாவம், வறுத்த வத்தலாகக் கிடந்தது.

எடுத்துப்போட்டுத் துடைத்து ஒயரை மாட்டினதும் வண்டி கிளம்பிவிட்டது. கடைக்காரர் கிளம்பவில்லை. சட்டைப்பையில் இருந்து சின்னப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். தலை, நெற்றி, தோள், முழங்கால் என்று விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கடைசிவரை பார்த்துவிட்டு மூடினார்.

“எல்லா எடமும் போட்டிருக்கான். டிஸ்டிரிபியூட்டர்ல விழுந்தா என்ன பலன்னு மட்டும் போடலை. இப்போ நான் கடையத் தொறக்கவா, வேண்டாமா?”

உரசிப் பார்த்தவர்

இடைசெவல் பெருமாள்சாமி பருத்தி போடுகிறவர். பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருக்கிறார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கரிசல் புழுதி உள்ளே போய்விடும் என்று டிஸ்டிரிபியூட்டரைத் தினமும் காலையில் துடைப்பாராம். அப்படிப்பட்ட மனுசரின் ஜீப் வாரத்துக்கு ரெண்டு தடவை என் கொட்டகையில் நின்றது. பாயிண்ட்டைப் பார்த்தால், மேலே காப்பி டிக்காசன் நிறத்தில் ஒரு படலம். சுரண்டிவிட்டு அனுப்புவேன். மூணே நாளில் திரும்ப வரும். எனக்குக் கோட்டி பிடிக்காத குறை.

ஒரு நாள் அவரையே துடைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். பயபக்தியாக மூடியைக் கழற்றினார். மடியில் இருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சி உரசுகிற மருந்துப் பட்டையைக் கிழித்து மடித்து, ரெண்டு பாயிண்ட்டுக்கும் நடுவில் விட்டு, பல் விளக்குகிற மாதிரி பதமாகத் தேய்த்தார். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறதே, அழுக்கு போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். அழுக்கு போகும், மருந்தும் பசையும் ஒட்டிக்கொள்ளும். அது கரண்டை மறிக்கும். வேற ஊர்க்காரர்கள் உப்புத்தாளைத் தேடிப் போயிருப்பார்கள். தீப்பெட்டி செய்கிற இந்த ஊரில் எவன் மடியில் கை விட்டாலும் தீப்பெட்டிதானே வருகிறது. பொறி வருகிற இடத்தில் போய் இதைத் தேய்க்கலாமா என்று கேட்டேன். அவருக்கு மனசு நொந்துபோயிற்று.

“பொறி வரத்தானய்யா அந்தப் பட்டையே இருக்கு. நான் பொருத்தமாத்தானே தேய்ச்சிருக்கேன்.”

மெலிந்த அட்டை

பெருமாள்சாமியைச் சொல்லிச் சிரித்தேனே, அடுத்த வாரமே என் வண்டவாளம் வெளியே வந்தது. பாயிண்ட் இடைவெளியைப் பார்க்க 'பீலர் கேஜ்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கனத்தில், விசிறி மாதிரி விரிகிற தகடுகள். என்னுடையது எப்போதோ தொலைந்துபோனது. அதற்கு நான் அழவில்லை. தீப்பெட்டியின் உள்கூட்டைப் பிரித்து அந்த அட்டையை நடுவில் விட்டால் கனம் கச்சிதமாக இருக்கும். தொழில் பழகின காலத்தில் இருந்து இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வைக்கிறோம். நான் எப்போதும் ஒரே கம்பெனிப் பெட்டிதான் வாங்குவேன். அளவு மாறக் கூடாது பாருங்கள்.

அந்தக் கம்பெனி முதலாளியே என் வாடிக்கைக்காரர். வெள்ளை அம்பாசிடர். முன்னெல்லாம் வருசம் பூரா உழைக்கிற பாயிண்ட் அவருக்கு இப்போது மூணு மாசத்தில் கரிந்தது. பாயிண்ட்டைக் குறை சொன்னேன், பெட்ரோலைக் குறை சொன்னேன், அவர் ஓட்டுகிற விதத்தைக்கூட ஜாடையாகச் சொன்னேன். நாலாவது தடவை, என்னதான் செய்கிறேன் என்று பார்க்க ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல அவர் பெட்டியைப் பிரித்து அட்டையைக் கிழித்தேன். கையை நீட்டி அதை வாங்கினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன் போட்டு, கிட்டங்கியில் கிடக்கிற பழைய பெட்டிகளில் ஒரு கைப்பிடியும், மிஷின் பார்க்கிறவரிடம் இருக்கிற பீலர் கேஜையும் கொண்டுவரச் சொன்னார். அளந்து பார்த்தோம். பழைய அட்டை அச்சு அசலாகச் சரி. புது அட்டை மெலிசு. போன வருசம் சத்தமில்லாமல் மாற்றினாராம். நான் அந்த அட்டையை வைத்தே அவர் வண்டி, ஊரார் வண்டி எல்லாவற்றுக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த வாரம் பூராவும் வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டு, “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று சொல்வதே வேலையாகிவிட்டது. முதலாளி பீலர் கேஜை எனக்கே கொடுத்துவிட்டு, பழைய பெட்டிகளையும் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்குதவன் ஒருத்தன் கண்டுபிடிக்கலை, விக்குதவன் கண்டுபிடிக்கலை, வீட்டுல அடுப்புப் பத்தவைக்குத எம் பொண்டாட்டி கண்டுபிடிக்கலை. நான் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்க இந்தக் கார் கண்டுபிடிச்சுட்டே மேஸ்திரி.”

பார்சலில் வந்த மாப்பிள்ளை

இதற்கு நடுவில் கிருஷ்ணம்மாவின் மகன் ரகு சென்னையில் இருந்து ஒரு பார்சல் அனுப்பிவிட்டான். செல்போனிலேயே தேடி, செல்போனிலேயே வாங்கின புத்தம்புது டிஸ்டிரிபியூட்டர். மைனர் காருக்குப் பொருந்தும் என்று போட்டிருந்ததாம். காயலான் கடை என்று சொன்னாலும் பெற்ற மனசு புண்படக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். பிரித்தால், மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று இருந்தது.

டிஸ்டிரிபியூட்டர் பார்த்து வாங்குவது பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி. நாலு பொருத்தம் பார்க்க வேண்டும். இஞ்சினில் இறங்குகிற கழுத்தின் கனம், தண்டின் நீளம், தண்டின் அடியில் இருக்கிற நாக்கு, கடைசியாகச் சுற்றுகிற திசை. மூணு பார்த்தேன், மூணும் பொருந்தியது. நாலாவதற்கு அம்புக்குறி உள்ளே சுற்றுகிற ரோட்டருக்கு அடியில் இருந்தது. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து மாட்டச் சோம்பல்.

மாட்டித் தட்டினதும் வண்டி கிளம்பியது. நின்ற இடத்தில் அப்படி ஒரு ஓட்டம், தையல் மிஷின் கெட்டது போங்கள். பானெட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினேன், அலுங்கவில்லை. கிருஷ்ணம்மா கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ரயில்வே மேம்பாலம் பாதி ஏறும்போதே மூச்சு முட்டி, பின்னால் வந்த டவுன் பஸ் ஆரனை அழுத்த, மெதுவாகப் பின்வாங்கி இறங்கித் திரும்ப வந்தார். அப்போதுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன். அம்புக்குறி எதிர்த்திசையில் இருந்தது. பந்தி வேகம் பிடிக்கப் பிடிக்கப் பரிமாறுகிறவனும் முந்திக்கொண்டு வர வேண்டும். அதற்கென்றே உள்ளே ரெண்டு சின்ன எடைக்கட்டிகள் உண்டு. எதிர்ப்பக்கம் சுற்றுவதற்குச் செய்தது என்பதால், வேகம் கூடக் கூட இவன் பிந்திக்கொண்டே போயிருக்கிறான். பதிவு புதுப்பிக்கப் பத்து நாள்தான் பாக்கி. தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. புதுசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம் மவனேதான் இது. நின்ன எடத்துல என்னமா இருக்கு. நமக்கு ஒரு மேடு வந்தாத்தான், இது எந்தப் பக்கம் இழுக்குன்னு தெரியுது.”

மணியாச்சி டோக்கன்

கேட்ட இடத்தில் எல்லாம் இல்லை என்றார்கள். கடைசியில், மணியாச்சியில் ரயில்வே சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானமுத்து என்பவரிடம் ஒரு மைனர் கார் செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. ரகு அனுப்பினதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கழுத்து, தண்டு, நாக்கு மூணையும் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றுதான். கார் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. ஆனால் இஞ்சின் சாமான் ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில், மேலே சீட்டு ஒட்டி, உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றி இருந்தது. டிஸ்டிரிபியூட்டரை எடுத்து மேஜையில் வைத்தார். கையில் தரவில்லை. கேள்வி கேட்டார். கழுத்து எவ்வளவு, தண்டு எவ்வளவு, நாக்கு நடுவிலா ஓரத்திலா, சுற்றுவது இடமா வலமா. பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் அறுபத்தேழு வயதில் பரீட்சை எழுதினேன். கிருஷ்ணம்மா கார் டிஸ்டிரிபியூட்டரில் அழிந்துபோன நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்பீஸ் தடவித் தாளில் எழுதிவைத்திருந்தேன். அதையும் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார். எல்லாம் ஒன்று.

அப்படியும் தரவில்லை. என் பையில் இருக்கிறதைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதை இங்கேயே வைத்துவிட்டுத்தான் இதை எடுத்துப்போக வேண்டும் என்றார். அது அந்த அம்மா மகன் வாங்கினது, எனக்கு உரிமை இல்லை என்றேன். கேளும் என்று போனை என் பக்கம் தள்ளினார். கிருஷ்ணம்மா, “தாராளமா வச்சுட்டு வாங்க, சனியன் ஒழிஞ்சுது” என்று சொல்லிவிட்டார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: பழைய நாளில் ஒற்றைத் தண்டவாளத்தில், டிரைவர் கையில் ஸ்டேஷன்காரர் டோக்கன் கொடுத்தால்தான் ரயில் நகருமாம். வருகிறவன் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்கிப்போக வேண்டுமாம். ஆயுசு பூராவும் அதைப் பார்த்த மனுசர். என் பையில் இருந்ததை எடுத்து டப்பாவில் போட்டு, 'தப்பு' என்று சீட்டு ஒட்டிவிட்டு, நல்லதை என் கையில் வைத்தார்.

“ரெண்டு டோக்கனும் ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது ஓய். கண்ணாடி போடாத நாள்ல நீரு தப்பானதையும் லைன்ல அனுப்பிருவீரு.”

பத்துக்குப் பத்து

மறுநாள் மாட்டினோம். முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, தண்டின் நாக்கை அதன் பள்ளத்தில் இறக்கி, சோதனை பல்பு வைத்துப் பொறி விழுகிற நேரத்தைச் சரிபார்த்தேன். இந்தத் தடவை கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. மேம்பாலத்தில் ரெண்டு தடவை ஏறி இறங்கினோம். மைனர் கார் கன்றுக்குட்டி மாதிரி ஏறியது.

இறங்கினதும் கிருஷ்ணம்மா, பாயிண்ட் இடைவெளி வைக்க எனக்கும் சொல்லித்தாங்க என்றார். நாகலாபுரத்தில் நின்றுபோனால் நீங்கள் வருவதற்குள் பருத்தி நனைந்துவிடும் என்பது அவர் கட்சி. தீப்பெட்டி முதலாளி கொடுத்த பழைய பெட்டியில் ஒன்றைப் பிரித்து அட்டையைக் கொடுத்தேன். வண்டியை டாப் கியரில் போட்டு ஒரு முழம் தள்ளினால் பாயிண்ட் முழுசாக விலகும். அப்போது அட்டையை நடுவில் விட்டு, திருகாணியை இறுக்க வேண்டும். அட்டை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வர வேண்டும், பிடிக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. நான் கலைக்கக் கலைக்க அவர் வைத்தார். பீலர் கேஜ் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சரி. அட்டையை மடிக்காமல் பர்சில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை கலைத்து, நானே இடைவெளியை வைத்து மூடியைப் போட்டேன். அதற்குள் சண்முகையா டீ ஆறுகிறது என்று ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். அவன் அவ்வளவு நேரமும் தகரத்தைத் தட்டாமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“பத்து தடவை வச்சாவ, பத்தும் சரியா இருக்கு. வே, கொட்டகைச் சாவிய அவிய கையில குடுத்துட்டு நீரு டீ வாங்கப் போறதுதான் மரியாதை.”

கம்பி வேலிக்கு வெளியே

சோதனை அன்றைக்குக் காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மைதானம் பூரா கரிசல் சேறு. கம்பி வேலிக்கு உள்ளே வண்டியும் ஓட்டுகிறவரும் மட்டும்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலிக்கு வெளியே நான். பக்கத்தில் ரகு. முதல் நாளே சென்னையில் இருந்து வந்துவிட்டான். கையில் புதுக் காரின் படம் போட்ட வழவழ காகிதம். மரியாதையான பையன், என்னை மாமா என்றுதான் கூப்பிட்டான்.

லைட் சரி, ஆரன் சரி, பிரேக் சரி. பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் ஒரு பரீட்சை அட்டை வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே வந்தார். இன்னும் ஒரே ஒரு சுற்று வரச் சொல்லிக் கையைச் சுழற்றினார். பாதிச் சுற்றில் மைனர் கார் ஒரு தும்மல் போட்டது. இன்னொரு தும்மல். நின்றுவிட்டது.

எனக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. கடைசியாக நான் இடைவெளி வைத்தேன் அல்லவா, அப்போது திருகாணியை விரலால் திருகினதோடு சரி, திருப்புளி போட்டு இறுக்கவில்லை. டீ ஆறுகிறதே என்று மூடியைப் போட்டுவிட்டேன். நாகலாபுரம் போய் வந்த குலுக்கலில் அது தளர்ந்து, பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக முடியாது. கத்திச் சொல்லலாம் என்றால் இன்ஸ்பெக்டர் காதிலும் விழும். ரகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. போகட்டும் மாமா, வயசான வண்டிதானே என்கிற மாதிரி பார்த்தான்.

கிருஷ்ணம்மா இறங்கினார். சேலையைத் தூக்கிச் சொருகினார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பானெட்டைத் தூக்கி, ரெண்டு கிளிப்பையும் நெட்டி, மூடியைக் கழற்றினார். பர்சில் இருந்து அட்டை வந்தது. காரின் டப்பாவில் இருந்து திருப்புளி வந்தது. அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த மனுசர் ஒரு கணம் விழித்துவிட்டு, பரீட்சை அட்டையைக் கார் கூரை மேல் வைத்துவிட்டு, பளபளவென்ற பூட்ஸைச் சேற்றில் ஊன்றி, காரை ஒரு முழம் தள்ளினார். அந்த அம்மா கையைக் காட்டினதும் நிறுத்திக்கொண்டார். வேலிக்கு வெளியே இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று ரகு கேட்டான். சொன்னேன். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மூடி விழுந்தது, கிளிப் விழுந்தது. ஒரே தட்டில் வண்டி கிளம்பியது. பாக்கி அரைச்சுற்றையும் முடித்து, கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் கால் சேற்றை உதறிக்கொண்டே கடைசி டிக்கைப் போட்டார். ஐந்து வருசத்துக்குக் கவலை இல்லை.

வெளியே வந்ததும் ரகு போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். டிரைவர் பேச்சை எடுக்கவில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்து, அடுத்த மழைக்கு முன்னால் காட்டுக்குப் போகணுமா அம்மா என்று மட்டும் கேட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தாயி, திருகாணியை இறுக்காதது நான்தான், டீக்கு ஆசைப்பட்டு உங்கள் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கிருஷ்ணம்மா கையில் இருந்த கிரீஸை முந்தானையில் துடைக்காமல் என் தோள் துண்டை இழுத்துத் துடைத்தார்.

“தொறந்ததுமே பாத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க மட்டும் அதை ஒழுங்கா இறுக்கியிருந்தா, எம் மவன் இன்னைக்கு ஒண்ணையும் பாத்திருக்க மாட்டான்.”

நாற்பது வருசத்தில் எத்தனையோ திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருக்கிறேன், நல்ல பேர் வாங்கித் தந்தது என்னவோ டீ குடிக்கப் போகிற அவசரத்தில் இறுக்காமல் விட்ட அந்த ஒன்றுதான்.